சக்கரமும் சம்மட்டியும்

2022-ம் வருஷம் பிப்ரவரி 24-ந் தேதி ருஷ்யப் படைகள் உக்ரேனுக்குள் புகுந்த செய்தி வந்தபோது, அந்த யுத்தத்துக்கும் நம் பெரம்பூரிலுள்ள ரயில் பெட்டித் தொழிற்சாலைக்கும் சம்பந்தம் உண்டென்று நம்மில் எத்தனை பேர் நினைத்திருப்போம்? நாம் நினைக்கவில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் சம்பந்தம் இருந்தது. பெரம்பூரில் தயாராகிக்கொண்டிருந்த 'வந்தே பாரத்' ரயில்களுக்காக 36,000 சக்கரங்கள் உக்ரேனில் ஆர்டர் செய்யப்பட்டிருந்தன. யுத்தத்தால் துறைமுகங்கள் மூடப்பட்டன. கப்பல் போக்குவரத்து நின்றது. அவசரத் தேவைக்காக 128 சக்கரங்களை லாரிகளில் ஏற்றி, எல்லை கடந்து ருமேனியாவுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஆகாய விமானத்தில் இந்தியாவுக்குக் கொண்டுவர நேர்ந்தது. அதே வருஷத்தில் 39,000 சக்கரங்களுக்கான மற்றோர் ஆர்டர் ஒரு சீனக் கம்பெனிக்குப் போயிற்று. 2020-ம் வருஷத்தில் கல்வானில் நம் வீரர்கள் உயிர் நீத்தபின், சீனச் சாமான்களைத் தொடமாட்டோம் என்று வீதியில் நின்று சபதம் செய்தவர்களின் நாடு இது!

பெரம்பூர்த் தொழிற்சாலை 1955-ம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி ஜவாஹர்லால் நேருவால் திறந்து வைக்கப்பட்டது. அன்று முதல் பல்லாயிரக் கணக்கான பெட்டிகள் அங்கிருந்து புறப்பட்டிருக்கின்றன. பெட்டியின் கூட்டை நாம் செய்கிறோம். ஆசனம், ஜன்னல், மின்சார இணைப்பு எல்லாம் பொருத்துகிறோம். ஆனால் அந்தப் பெட்டியைத் தாங்கி ஓடும் சக்கரத்துக்காக அயல்நாட்டு வாயிலில் நிற்கிறோம். ஆகாய விமானத்தின் எஞ்சினை வாங்குகிறோம் என்றால் அது அருமையான யந்திரம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். சக்கரத்தைப் போன்ற பழைய பொருளுக்கும் இந்த நிலை ஏன் வந்தது? இந்தக் கேள்வியைத்தான் இன்று நேயர்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறோம்.

கிராமத்தில் மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடுவதைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். குடமும் ஆர்க்கால்களும் வட்டையும் தச்சனுடைய வேலை. அதன்மேல் ஏறும் இரும்புப் பட்டா கொல்லனுடைய வேலை. நீண்ட இரும்புப் பட்டையை வளைத்து, இரு முனைகளையும் உலையில் வெளுக்கக் காய்ச்சி, ஒன்றன்மேல் ஒன்றை வைத்து அடித்து ஒட்டி வளையமாக்குவான். பிறகு வறட்டி அடுக்கித் தீ மூட்டி, வளையத்தைச் சிவக்கக் காய்ச்சுவான். சூட்டில் விரிந்த வளையத்தை மரச் சக்கரத்தின்மேல் மாட்டி உடனே தண்ணீர் ஊற்றினால், இரும்பு சுருங்கி மரத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். இந்தக் காட்சியில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்த வளையத்தில் ஒட்டுப் போட்ட இடம் ஒன்று இருக்கிறது. என்றைக்காவது பட்டா அறுந்தால் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் அறும். மாட்டு வண்டியில் அறுந்தால் வண்டி வழியில் நிற்கும், அவ்வளவுதான். ரயிலில் அறுந்தால் என்ன ஆகும்?

ஐரோப்பாவில் ரயில்வே தோன்றிய காலத்தில் இரும்புச் சக்கரங்களுக்கும் இப்படித்தான் ஒட்டுப்போட்ட பட்டாவை மாட்டினார்கள். வேகம் கூடக் கூட ஒட்டுகள் பிளந்தன. ஜெர்மனியில் எஸ்ஸன் நகரத்து ஆல்பிரட் க்ரூப் இதற்கு ஒரு வழி கண்டார். உருக்குப் பாளத்தின் நடுவில் பிளவு செய்து, அதை அகலப்படுத்தி வளையமாக்கி, உருளைகளுக்கு இடையே விட்டு வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கினார். ஒட்டே இல்லாத பட்டா பிறந்தது. 1850-களின் தொடக்கத்தில் கண்ட இந்த முறைதான் க்ரூப் கம்பெனிக்கு உலகச் சந்தையைத் திறந்துவிட்டது. அந்தக் கம்பெனி பின்னர் பீரங்கிகளால் பேர் பெற்றதை எல்லோரும் அறிவர். ஆனால் அதன் வியாபாரச் சின்னத்திலுள்ள மூன்று வளையங்கள் பீரங்கியைக் குறிப்பவை அல்ல. ரயில் சக்கரத்தின் ஒட்டில்லாத பட்டாவைக் குறிப்பவை.

உருக்கை ஏன் அடிக்க வேண்டும்? ஏன் உருளையில் நெருக்க வேண்டும்? உருக்கி அச்சில் வார்த்துவிட்டால் போதாதா? இந்த இடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும். விஷயத்தின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. உருகிய உருக்கு அச்சில் ஆறும்போது வெளிப்புறம் முதலில் இறுகுகிறது. உட்புறம் கடைசியில் இறுகுகிறது. உலோகம் ஆறுகையில் சுருங்குவதால் நடுவே நுண்ணிய பொள்ளல்கள் விழக்கூடும். உள்ளே உண்டாகும் பரல்கள் பருத்தும் ஒழுங்கின்றியும் இருக்கும். அதே உருக்கை மறுபடி 1,200 டிகிரிக்கு மேல் காய்ச்சிச் சம்மட்டியாலோ பெரும் பிரஸ்ஸாலோ அழுத்தினால், உள்ளிருக்கும் பொள்ளல்கள் மூடி ஒட்டிக்கொள்கின்றன. பருத்த பரல்கள் நொறுங்கி, அந்தச் சூட்டிலேயே புதிய சிறு பரல்களாக மறுபடி பிறக்கின்றன. மரத்தில் நார் ஓடுவதுபோல் உருக்கிலும் ஓர் ஓட்டம் ஏற்பட்டு, பொருளின் உருவத்தைத் தழுவிச் செல்கிறது. நாரோடு சேர்ந்த விறகு எளிதில் முறியாது. நாரை வெட்டிக் கடைந்த கட்டை குறுக்கே முறியும். உருக்கின் சுபாவமும் அதுவே.

இந்த உண்மையை மனிதர் உயிர் கொடுத்துக் கற்றார்கள். 1842-ம் வருஷம் மே 8-ந் தேதி, வெர்ஸேல்ஸிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிய ரயிலின் எஞ்சினில் இருசு முறிந்தது. வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தீப்பற்றின. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மறுவருஷமே ராங்கின் என்னும் இளம் ஸ்காட்லாந்து எஞ்சினியர், முறிந்த இருசுகளை ஆராய்ந்து தம் முடிவை வெளியிட்டார். இருசின் முனையைக் கடைசல் யந்திரத்தில் கூரிய மூலையாக வெட்டுவதால் நாரோட்டம் அறுபடுகிறது. அந்த மூலையிலிருந்து விரிசல் நாளுக்கு நாள் உள்நோக்கி வளர்கிறது. ஆகவே கடைசலுக்கு முன்பே அந்த இடத்தைச் சம்மட்டியால் வளைவாக அடித்து நாரோட்டம் தொடரும்படி செய்ய வேண்டும் என்றார். நம் கொல்லன் கைப்பழக்கத்தால் அறிந்ததைச் சாஸ்திரம் அன்று எழுத்தில் வடித்தது.

அடிப்பதற்கு உடன்பிறந்தது உருளை. கரும்பாலையில் இரண்டு உருளைகளுக்கு இடையே கரும்பு நுழைந்து சப்பையாக வெளிவருவதை நினைத்துக்கொண்டால், ரோலிங் மில் என்னும் உருட்டாலையின் தத்துவம் விளங்கிவிடும். சம்மட்டி ஓரிடத்தில் அடித்துப் பிறகு மற்றோரிடத்தில் அடிக்கிறது. உருளை விடாமல் அழுத்துகிறது. 1783-ம் வருஷம் ஹென்றி கார்ட் என்ற ஆங்கிலேயர், பள்ளம் வெட்டிய உருளைகளுக்குப் பேடண்ட் பெற்றார். பள்ளத்தின் உருவம் எதுவோ அதுவே கம்பியின் உருவம். சம்மட்டி நாள் முழுவதும் அடித்து நீட்டும் இரும்பைப் போல் பன்மடங்கை உருளைகள் அதே நேரத்தில் நீட்டித் தள்ளின. 1820-ல் பெட்லிங்டன் என்னும் ஊரில் பர்கின்ஷா என்பவர், உருளையில் நீட்டிய தண்டவாளத்துக்குப் பேடண்ட் வாங்கினார். வார்ப்புத் தண்டவாளம் எஞ்சினின் பாரத்தில் உடைந்துகொண்டிருந்தது. உருட்டிய தண்டவாளம் தாங்கியது. இங்கிலாந்தின் ரயில் யுகம் அந்தத் தண்டவாளத்தின்மேல் ஓடியது.

இன்று ரயில் சக்கரம் செய்வதில் சம்மட்டியின் வேலையும் உருளையின் வேலையும் ஒன்றுசேர்கின்றன. முதலில் உருக்கிலுள்ள ஹைட்ரஜன் வாயுவை வெற்றிடத்தில் வைத்து நீக்குகிறார்கள். அது தங்கிவிட்டால் ஆறிய பிறகு உள்ளேயே மயிரிழை வெடிப்பு உண்டாக்கும். பிறகு உருண்டைத் தண்டாக வார்த்த உருக்கைத் துண்டு துண்டாக அறுத்துச் சுழலும் உலையில் காய்ச்சுகிறார்கள். மேலே படியும் செதிலை வேகமான நீர்ப் பாய்ச்சலால் உதிர்த்து, ஆயிரக் கணக்கான டன் பலமுள்ள பிரஸ்ஸில் வைத்து அமுக்குகிறார்கள். நெய்யப்பம்போல் தட்டையாகி, நடுவே குடமும் ஓரத்தில் தடித்த விளிம்புமாக உருவம் வருகிறது. அடுத்து உருட்டும் யந்திரம். பல உருளைகள் சூழ்ந்து நெருக்க, சக்கரம் சுழன்றுகொண்டே சிறிது சிறிதாக விரிகிறது. குயவன் சக்கரத்தில் களிமண் பாத்திரமாக விரிவது நினைவுக்கு வரும். பின்னர் நடுத் துவாரத்தைக் குத்தி எடுக்கிறார்கள்.

இத்துடன் முடியவில்லை. மறுபடி காய்ச்சி, விளிம்பின்மீது மட்டும் தண்ணீரைப் பீச்சுகிறார்கள். விளிம்பு விரைந்து இறுகிக் கடினமாகிறது; உட்பாகம் பின்னால் மெல்ல ஆறிச் சுருங்கும்போது விளிம்பைச் சுற்றிலும் இறுக்கி வைக்கிறது. விரிசல் ஒன்று வாய் திறக்க முயன்றாலும் அந்த இறுக்கம் திறக்க விடாது. வறட்டித் தீயில் பட்டாவைக் காய்ச்சி நீர் ஊற்றிய கொல்லன் கையாண்ட யுக்தியின் உறவுதான் இது. கடைசியில் கடைந்து, கேளா ஒலியைச் செலுத்தி உட்குறை உண்டா என்று சோதித்த பின்பே சக்கரம் ரயிலுக்குப் போகிறது.

இவ்வளவு சிரமமும் அவசியமா என்று கேட்பவர்களுக்கு எஷெடே விபத்து பதில் சொல்லும். 1998-ம் வருஷம் ஜூன் 3-ந் தேதி, ஜெர்மனியில் எஷெடே என்ற ஊரருகே மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் சென்ற ரயிலில் ஒரு சக்கரத்தின் பட்டா அறுந்தது. பிரயாணிகளுக்கு அதிர்ச்சி குறைய வேண்டும் என்பதற்காகச் சக்கரத்துக்கும் பட்டாவுக்கும் நடுவே ரப்பர் வைத்திருந்தார்கள். ஓடும்போது பட்டா சிறிது சிறிதாக நெளிந்து, அதன் உட்புறத்தில் விரிசல் வளர்ந்திருந்தது. 101 பேர் மாண்டனர். க்ரூப் பிறந்த தேசத்திலேயே இது நிகழ்ந்தது! எஞ்சினியர் மூவர்மீது வழக்கு நடந்து, 2003-ல் ஆளுக்குப் பத்தாயிரம் யூரோ கட்டுவதோடு முடிந்தது. நியாயஸ்தலங்களில் வாதாடிப் பழகிய நமக்கு இதிலிருந்து தோன்றுவது ஒன்றே: உருக்கில் விடும் பிழையைப் பின்னால் எந்தக் கோர்ட்டும் திருத்திக் கொடுக்காது. அந்த வகை ரயில்களில் அதன்பின் ஒரே துண்டாக அடித்து உருட்டிய சக்கரங்களையே மாட்டினார்கள்.

இனி நம் தேசத்தின் கணக்கைப் பார்ப்போம். உருக்கு நமக்குப் புதியதன்று. ஈரோட்டுப் பக்கத்துக் கொடுமணலில் பூமியைத் தோண்டியபோது, இரண்டாயிரம் வருஷங்களுக்கு முற்பட்ட உலோகத் தொழிலின் அடையாளங்கள் கிடைத்தன. மூசையில் உருக்கிய நம் உருக்குக் கட்டிகள் கடல் கடந்து மேலை ஆசியாவுக்குச் சென்றன. அங்கே டமாஸ்கஸ் வாள் என்று பெயர் பெற்றன. ஐரோப்பியக் கொல்லர் சிலர் அந்தக் கட்டியை வாங்கித் தங்கள் வழக்கப்படி வெண்சூட்டில் காய்ச்சி அடித்தபோது அது சுக்குநூறாகச் சிதறிற்று. அதில் கரி மிகுதி. மங்கிய சிவப்புச் சூட்டில் பொறுமையாக அடிக்க வேண்டும். இலண்டனில் மைக்கேல் பாரடே போன்ற மகா மேதையே இந்த உருக்கின் மர்மத்தை ஆராய்வதில் காலம் செலவிட்டார். இவையெல்லாம் நமக்குப் பெருமைதான். ஆனால் பெருமையில் ஒரு பாடமும் அடங்கியிருக்கிறது. கட்டியை விற்றவனைவிட அதை அடித்து வாளாக்கியவனுக்கே உலகத்தில் பெயர் நின்றது. கச்சாப் பொருளை அனுப்பிச் செய்பொருளை வாங்கும் பழக்கம் அந்நிய ஆட்சியில் நம்மீது சுமத்தப்பட்டது. அதற்குரிய மனோபாவம் சுதந்திரம் வந்த பிறகும் நம்மைவிட்டு முழுவதும் நீங்கவில்லை.

அந்த மனோபாவத்தை எதிர்த்தவர்களும் இருந்தார்கள். 1907-ல் டாட்டா கம்பெனி ஸ்தாபிக்கப்பட்டபோது, மூலதனம் லண்டனில் கிடைக்காமல் சுதேசியப் பற்றுள்ள இந்தியர்களிடமே திரட்டப்பட்டது. டாட்டாக்கள் ரயில்வேயின் தரத்துக்குத் தண்டவாளம் செய்தால் அதன் ஒவ்வொரு ராத்தலையும் நான் தின்கிறேன் என்று ரயில்வே போர்டின் வெள்ளைக்காரத் தலைவர் ஒருவர் பரிகசித்ததாகக் கதை வழங்குகிறது. 1912-ல் சாக்சியில் உருக்கு வார்க்கப்பட்டது. முதல் மகாயுத்தத்தில் அதே ஆலையின் தண்டவாளங்கள் மெஸப்பொட்டேமியாவில் பிரிட்டிஷ் சேனைக்குப் பாதை போட்டன. யுத்தம் முடிந்ததும் வெளிநாட்டு உருக்கு மலிவாக வந்து குவிந்து ஆலையை மூழ்கடிக்கப் பார்த்தது. 1924-ல் பாதுகாப்பு வரிச் சட்டம் வந்த பிறகே அது மூச்சு விட்டது. ஆலை நிலைக்கச் சாமர்த்தியம் மட்டும் போதாது, நிலையான ஆர்டரும் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

சுதந்திர இந்தியா தண்டவாளத்தில் தன் காலில் நின்றது. பிலாய் ஆலை அதற்குச் சான்று. சக்கரத்தில் பாதி வழி சென்றோம். துர்க்காபூர் உருக்காலையில் அடித்து உருட்டும் சக்கரங்கள் செய்யப்படுகின்றன. பெங்களூரை அடுத்த எலகங்காவில் 1984-ல் திறந்த தொழிற்சாலை, கிராபைட் அச்சில் வார்த்த சக்கரங்களைச் செய்கிறது. வார்ப்புச் சக்கரத்தை நாம் இழிவாகப் பேசவில்லை. சரக்கு வண்டிகளில் அது நம் நாட்டிலும் அமெரிக்காவிலும் நன்றாகவே உழைக்கிறது. ஆனால் வேகமான பிரயாணி ரயில்கள் வந்தபோது அடித்து உருட்டிய சக்கரத்தின் தேவை பெருகிற்று. துர்க்காபூரின் உற்பத்தி போதவில்லை. பற்றாக்குறை ஏற்படும்போதெல்லாம் டெண்டர் விட்டு வெளிநாட்டில் வாங்குவதே சுலபமாகப் பட்டது. மலிவாகக் கிடைக்கும்போது செய்வானேன் என்ற வாதம் கணக்குப் புத்தகத்தில் சரியாகத்தான் தோன்றும். ருமேனியாவுக்குப் போன லாரிகளின் செலவு அந்தப் புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கவில்லை.

யுத்தம் கொடுத்த அடியில் விழிப்பு வந்தது உண்மை. ரேபரேலி ஜில்லாவில் லால்கஞ்ஜில், வருஷத்துக்கு ஒரு லட்சம் சக்கரம் செய்யக்கூடிய ஆலையை விசாகப்பட்டினம் உருக்குக் கம்பெனி முன்னமே நிறுவியிருந்தது. 2023-ல் ரயில்வே நிர்வாகம், வருஷத்துக்கு 80,000 சக்கரங்கள் வீதம் 20 வருஷங்களுக்கு வாங்கிக்கொள்வதாக இரண்டு இந்தியக் கம்பெனிகளின் கூட்டுக்கு உறுதி கொடுத்தது. அதற்கான ஆலைக்கு, சென்னையை அடுத்த கும்மிடிப்பூண்டி தேர்ந்தெடுக்கப்பட்டது. 20 வருஷ உறுதி என்பது 1924-ம் வருஷச் சட்டத்தின் புது வடிவம் என்றே சொல்லலாம். இதை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆயினும் இரண்டு எச்சரிக்கைகள் சொல்லாமல் விட முடியாது. முதலாவது: சுதேசிச் சக்கரம் என்பதற்காகச் சோதனையில் ஓர் அணுவளவும் தாட்சண்யம் கூடாது. சுதேசிக் கதர் முரடாக இருந்தால் உடம்பு பொறுத்துக்கொள்ளும். சுதேசிச் சக்கரத்தில் மயிரிழை விரிசல் இருந்தால் உயிர்கள் போகும். தேசாபிமானத்தின் பெயரால் தரத்தைக் குறைப்பவன் தேசத் துரோகி.

இரண்டாவது இதைவிட ஆழமானது. சக்கரம் செய்யும் ஆலையை நாம் கட்டுகிறோம். அந்த ஆலைக்குள் நிற்கும் பிரஸ்ஸையும் உருட்டும் யந்திரத்தையும் யார் செய்கிறார்கள்? லால்கஞ்ஜுக்கு அவை ஜெர்மானியர்களிடமிருந்தே வந்தன. பண்டத்தை வாங்கும் நிலையிலிருந்து யந்திரத்தை வாங்கும் நிலைக்கு ஏறியிருக்கிறோம். இது முன்னேற்றமே, முடிவு அன்று. யந்திரத்தைப் பெறும் தாய் யந்திரங்களை இங்கேயே செய்ய வேண்டும் என்றுதான் 1958-ல் ராஞ்சியில் கனரக எஞ்சினியரிங் கார்ப்பரேஷன் நிறுவப்பட்டது. அங்கே பெரும் வார்ப்புச்சாலையும் போர்ஜிங் சாலையும் எழுந்தன. அந்தத் தொழிற்சாலையின் ஊழியர்கள் 2023-ல் பல மாதச் சம்பளம் வராமல் கிளர்ச்சி செய்துகொண்டிருந்தார்கள். சம்மட்டிக்கு மாலை போட்டுவிட்டு, சம்மட்டி பிடித்தவனைப் பட்டினி போடும் தேசம் எதை அடித்து உருவாக்கும்?

இங்கே குற்றம் சர்க்காரை மட்டும் சேர்ந்ததன்று. நம் போன்ற படித்த வகுப்பாரையும் சேர்ந்தது. நாம் சட்டம் படித்தோம். நம் பிள்ளைகள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து சம்பாதிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். உலையருகே நின்று, சிவந்த இரும்பின் நிறத்தைக் கண்டே அதன் சூட்டைச் சொல்லக்கூடிய தொழிலாளியை நாம் எந்தச் சபையில் முன்வரிசையில் உட்கார வைத்தோம்? எஞ்சினியரிங் கல்லூரிகளில் உலோக சாஸ்திரத்தைக் கடைசித் தேர்வாக எடுக்கும் மாணவர்களைத்தான் பெரும்பாலும் பார்க்கிறோம். கொல்லுப்பட்டறையைக் கண்டு முகம் சுளிக்கும் ஜாதி கர்வமும், கரி படிந்த கையைக் கீழாக மதிக்கும் மனமும், நம் தொழில் வளர்ச்சியின்மீது எந்த அந்நியனும் போடாத வரிகள். அவற்றை நாமே விதித்துக்கொண்டோம். நாமே ரத்து செய்ய வேண்டும்.

ஆகவே சுதேசியம் பேசும் தொண்டர்களுக்கு நாம் சொல்வது இது. மேடையில் சாமான்களைக் கொளுத்துவது சுலபம். உங்கள் ஊருக்கு அருகிலுள்ள தொழிற் பயிற்சிப் பள்ளிக்குப் போய்ப் பாருங்கள். அங்கே உலை எரிகிறதா? கற்பிக்க ஆசிரியர் இருக்கிறாரா? யந்திரம் ஓடுகிறதா, துணி மூடிக் கிடக்கிறதா? பரிசோதனைச் சாலையில் கருவிகள் உண்டா? இவற்றைக் கேட்டு, சட்டசபைப் பிரதிநிதிகளைக் கேட்கச் செய்யுங்கள். ரயில்வேயும் ராணுவமும் விடும் டெண்டர்களில் எவை இன்னும் வெளிநாட்டுக்குப் போகின்றன, எத்தனை வருஷத்தில் அவை நின்றுபோகும் என்று கணக்குக் கேளுங்கள்.

பெரம்பூரிலிருந்து கும்மிடிப்பூண்டி ஒரு நாள் பிரயாணத் தூரம்கூட இல்லை. உள்ளூர் ரயிலே போய்வருகிறது. அந்த ஊர்ச் சக்கரம் பெரம்பூர்ப் பெட்டியில் ஏறி, தேசத்தின் நான்கு திசைகளிலும் பழுதின்றி ஓட வேண்டும். பிறகு அந்தச் சக்கரத்தை உருட்டும் யந்திரமும் இந்நாட்டுக் கைகளால் ஆக வேண்டும். இரும்பு சிவந்திருக்கும்போதே அடிக்க வேண்டும் என்பது கொல்லன் நமக்குக் கற்றுக் கொடுத்த பாடம். 2022-ல் பட்ட அவமானத்தின் சூடு இன்னும் ஆறவில்லை. ஆறுவதற்குள் அடிப்போமாக.